கண்டனம் வாங்கிய இளம் இன்ஜினீயர்: சர். எம். விஸ்வேஸ்வரய்யாவின் வாழ்க்கை

பத்துப் பதினைந்து வருடம் மற்றவர்களோடு ஒருவராக நின்று வேலை பார்த்தவரை ஒரு நாள் காலையில் சார்ஜ்மேன் ஆக்கிவிடுகிறார்கள். அல்லது ஆபீஸில் ஒரு மூலையில் ஃபைல் கட்டிக் கொண்டிருந்த குமாஸ்தாவைக் கூப்பிட்டு, இனி இந்த செக்ஷனுக்கு நீர்தான் பொறுப்பு என்கிறார்கள். சம்பளம் கொஞ்சம் கூடுகிறது. வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். ஆனால் அன்று இரவு அவருக்குத் தூக்கம் வருவதில்லை. நேற்று வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்களுக்கு நாளை முதல் வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். வாய் கூசுகிறது. அதிலும் பிழைப்புக்காக வேறு மாநிலம் வந்த நம்மவர்களுக்குக் கூச்சம் இரட்டிப்பு. பாஷை முழுதாக வராது. தவறிப் பேசினால் சிரிப்பார்களோ, அதட்டினால் வெளியூர்க்காரனுக்கு இவ்வளவு திமிரா என்பார்களோ என்று ஒரு தயக்கம்.

இந்தத் தயக்கத்தைத் தாண்டியவர்கள் பலர். அவர்களில் ஒருவருடைய பெயரைப் பெங்களூரில் வாழும் தமிழர்கள் தினமும் உச்சரிக்கிறார்கள். கஸ்தூரிபா சாலையில் 1965-ல் திறக்கப்பட்ட அறிவியல் மியூசியம் அவர் பெயரில் இருக்கிறது. பையப்பனஹள்ளியில் 2022-ல் திறக்கப்பட்ட ரயில் முனையமும் அவர் பெயரில்தான். பொறியாளர் தினமாக நாடு கொண்டாடும் செப்டம்பர் 15 அவருடைய பிறந்த நாள். மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. சுருக்கமாக சர். எம்.வி.

அவரைப் பற்றிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. சர்க்கார் வேலைக்கு ஒரு மெழுகுவர்த்தி, சொந்த வேலைக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று வைத்திருந்தாராம். ரயிலில் போகும்போது சத்தத்தை வைத்தே தண்டவாளத்தில் விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்தாராம். பள்ளிக்கூட மேடைகளில் இவற்றைக் கேட்டுக் கேட்டு, அவர் பிறக்கும்போதே தலைப்பாகையோடு பிறந்தவர் என்று நினைக்கத் தோன்றுகிறது. இவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் வேலை கற்ற கதையைப் பார்ப்பதுதான் நமக்குப் பிரயோஜனம்.

வந்தேறிய குடும்பம்

நந்தி மலையின் அடிவாரத்தில், சிக்கபள்ளாபுரத்துக்கு அருகே உள்ள முத்தேனஹள்ளி என்ற சிற்றூரில் 1861-ல் அவர் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் ஆந்திரத்தில் உள்ள மோக்ஷகுண்டம். முன்னோர் சில தலைமுறைக்கு முன்பே கன்னட நாட்டில் குடியேறியவர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம். இன்று பெங்களூரில் பிறந்து வளரும் தமிழ்க் குழந்தைகளின் நிலைதான்.

தந்தை ஸ்ரீநிவாச சாஸ்திரி சம்ஸ்கிருதம் கற்றவர். வசதி படைத்தவர் அல்ல. பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். தாயாரின் பிடிவாதத்தாலும் தாய்மாமன் ஆதரவாலும் பையன் பெங்களூருக்குப் படிக்க வந்தான். சாப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும் வழி வேண்டுமே. குடகுக் குடும்பம் ஒன்றின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே சென்ட்ரல் காலேஜில் படித்தான். அந்தக் காலத்தில் பெங்களூர்க் கல்லூரிக்கும் பட்டம் தந்தது சென்னை சர்வகலாசாலை. 1881-ல் பி.ஏ. தேறினார்.

அடுத்து பூனாவில் இன்ஜினீயரிங். அதற்கு மைசூர் சமஸ்தானம் உபகாரச் சம்பளம் கொடுத்தது. அப்போது திவானாக இருந்தவர் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து போன ரங்காசார்லு. 1883-ல் பரீட்சையில் முதல்வராகத் தேறி, மறு ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுமராமத்து இலாகாவில் அசிஸ்டென்ட் இன்ஜினீயராக உத்தியோகம் பெற்றார். வயது இருபத்து மூன்று கூட நிறையவில்லை. மராத்தி பேசும் சீமை. மேலே வெள்ளைக்கார அதிகாரிகள். கீழே அவரைவிட இரண்டு மடங்கு வயதுள்ள மேஸ்திரிகளும் கண்டிராக்டர்களும். புதிதாகப் பொறுப்பேற்கும் ஒருவருக்கு இதைவிடக் கஷ்டமான சூழ்நிலை வேண்டியதில்லை.

பாஞ்சரா ஆற்றில் வந்த சோதனை

கான்தேஷ் மாவட்டத்தில் தூலியாவுக்கு அப்பால் பாஞ்சரா என்று ஓர் ஆறு. பாசனத் தண்ணீரை ஆற்றுப் படுகைக்கு அடியில் குழாய் வழியே கொண்டு போய் அக்கரையில் மேலே எழச் செய்ய வேண்டும். சைபன் என்பார்கள். படுகையில் பள்ளம் தோண்டிக் குழாயைப் பதிக்க வேண்டும். இந்த வேலை இளைஞரிடம் வந்தது.

வேலை நடக்கும்போதே மழைக்காலம் வந்துவிட்டது. தோண்டிய பள்ளத்தை ஆறு மணலால் மூடிவிடும். மறுபடி தோண்டினால் மறுபடி மூடும். ஆட்களின் கூலி வீணாகிறது. மழைக்காலம் முடியும் வரை வேலையை நிறுத்திவைக்கலாமா என்று எக்ஸிகியூட்டிவ் இன்ஜினீயருக்கு எழுதிக் கேட்டார். நியாயமான கேள்வி. யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. உத்தியோகத்தில் சேர்ந்த புதிதிலேயே இட்ட வேலைக்குச் சாக்குச் சொல்வது நல்ல லட்சணம் அல்ல என்கிற தோரணையில் பதில் வந்தது. எழுத்து மூலமான கண்டனம். சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், பெர்சனல் ஃபைலில் ஒரு வரி ஏறிவிட்டால் அது ஆயுசுக்கும் கூட வரும்.

இந்த இடத்தில் மனிதர்கள் மூன்று விதமாக நடப்பதைப் பார்க்கிறோம். சிலர் பதிலுக்குப் பதில் எழுதிச் சண்டைக்கு நிற்பார்கள். சிலர் இடிந்து போய், அதன் பிறகு எந்த முடிவையும் சொந்தமாக எடுக்க மாட்டார்கள். சின்ன விஷயத்துக்கும் மேலே கேட்டுவிட்டுச் செய்வார்கள். விஸ்வேஸ்வரய்யா வேலையைத் தொடர்கிறேன் என்று தெரிவித்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் நின்றார். வெள்ளம் ஏறுவதும் இறங்குவதும் பார்த்து, இடைவெளி கிடைத்தபோதெல்லாம் ஆட்களை இறக்கி, இரண்டு மாத அளவில் வேலையை முடித்தார். அதே மேலதிகாரி மகிழ்ந்து, தாம் எழுதிய கடுமையான குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மேலதிகாரி சொன்னது சரி, இளைஞர் கேட்டது தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. மழையில் வேலை செய்வது நஷ்டம் என்ற அவர் கணக்கில் பிழை கிடையாது. ஆனால் முடியுமா என்ற சந்தேகம் அவருக்கே உள்ளூர இருந்திருக்கிறது. அது அந்த ஆற்று மணலில் தீர்ந்தது. மேடைப் பேச்சைக் கேட்டு வரும் தைரியம் ஒரு வாரம் இருக்கும். கையால் முடித்த ஒரு வேலை தரும் தைரியம் அடுத்த வேலை வரும்போது தானாக முன்னே வந்து நிற்கும். தொழிற்சாலையில் கடினமான ஒரு ஜாபைத் தனியாக முடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிந்து நதித் தண்ணீர்

பத்து வருடம் கழித்து, 1894-ல், சிந்து மாகாணத்தில் சக்கர் நகருக்கு அவரை அனுப்பினார்கள். அது இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. ஊரை ஒட்டி சிந்து நதி ஓடுகிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. நதி நீர் அவ்வளவு சேறு. சுத்தம் செய்ய வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகரசபையிடம் பணம் இல்லை. பாலைவன வெயில். அதிகாரிகள் போக விரும்பாத ஊர்.

ஆற்றிலேயே, மணற்படுகையில், கிணறு தோண்டினார் விஸ்வேஸ்வரய்யா. மணலின் ஊடாகக் கசிந்து கிணற்றுக்கு வரும் நீர் தெளிந்து இருந்தது. நதியின் மணலே வடிகட்டி ஆகிவிட்டது. காவிரியிலும் பாலாற்றிலும் ஊற்றுத் தோண்டி குடம் நிரப்பிய நம் ஊர்ப் பெண்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது. அந்த எளிய விஷயத்தை ஒரு நகரத்துக்கே போதுமான அளவில் கணக்குப் போட்டுக் கட்டியதில்தான் அவருடைய திறமை. தண்ணீரைக் குன்றின் மேல் ஏற்றி, அங்கிருந்து ஊருக்குக் கொடுத்தார். 1895-ல் பம்பாய் கவர்னர் வந்து திறந்து வைத்தார்.

பிறகு சூரத், பூனா என்று பல ஊர்கள். பூனாவில் ரானடே, கோகலே போன்ற பெரியவர்களின் பழக்கம் கிடைத்தது. 1898-ல் லீவு போட்டுவிட்டுச் சொந்தச் செலவில் ஜப்பான் போய் வந்தார். தொழிற்சாலைகளையும் பள்ளிக்கூடங்களையும் பார்த்துக் குறிப்பெடுத்துக் கொண்டார். பிற்காலத்தில் மைசூரில் அவர் செய்த பல காரியங்களுக்கு விதை அந்தப் பயணத்தில் விழுந்தது.

எதிர்த்தவர்களிடம் நேரில் போனார்

1899 வாக்கில் பூனா பக்கத்துக் கால்வாய்களில் ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். வாய்க்கால் தலைமாட்டில் இருக்கும் நிலக்காரர்கள் வருடம் முழுதும் கரும்பு போட்டுத் தண்ணீரை இழுத்துக்கொள்வார்கள், கடைமடைக்கு எட்டாது. தலைமாட்டில் நிலம் உவர் ஆகிறது, கொசு பெருகுகிறது. நிலத்தைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பங்குக்கு மட்டும் கரும்பு, நெல் போன்ற தண்ணீர்ப் பயிர், மற்றதில் குறைந்த தண்ணீர்ப் பயிர் என்று மாற்றி மாற்றிப் பயிரிடச் சொன்னார்.

விவசாயிகள் எதிர்த்தார்கள். பத்திரிகைகளும் கண்டித்தன. இலாகா உத்தரவு என்று போலீஸை வைத்து நடத்தியிருக்கலாம். வெள்ளைக்கார சர்க்கார் அதற்குத் தயங்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. கூட்டம் கூட்டினார். கணக்கை எடுத்து வைத்து நேரில் பேசினார். முறை ஏற்கப்பட்டது. தஞ்சை ஜில்லாவில் கடைமடை நிலம் வைத்திருந்து, தண்ணீர் வராமல் விற்றுவிட்டுப் பட்டணம் வந்தவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள்.

தலைமைக்கு வருகிறவர்கள் பலருக்கும் எதிர்ப்பேச்சைக் கேட்டால் உதறல் எடுக்கிறது. அதை மறைக்கக் குரலை உயர்த்துகிறார்கள். விவரம் கையில் இருப்பவனுக்குக் குரலை உயர்த்த வேண்டிய அவசியம் வருவதில்லை. விஸ்வேஸ்வரய்யா உரக்கப் பேசுகிறவர் அல்ல. எந்தக் கூட்டத்துக்கும் குறிப்பு எழுதாமல் போக மாட்டார். சந்திக்கும் நேரம் நிமிஷக் கணக்கில் குறித்திருக்கும். அவர் சொன்ன நேரத்தில் இருப்பார். பார்க்க வருகிறவரும் அப்படியே வர வேண்டும். அதனால் அவரிடம் பேசப் போகிறவர்களும் விவரத்தோடு போக வேண்டியதாயிற்று.

1903-ல் பூனாவுக்குத் தண்ணீர் தரும் கடக்வாஸ்லா ஏரியில் தானாகத் திறந்து தானாக மூடும் மதகுகளைப் பொருத்தினார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கலிங்கின் மேல் வழிந்து வீணாகும் தண்ணீரை எட்டு அடி உயரத்துக்குக் கூடுதலாகத் தேக்க இது உதவியது. அணையை உயர்த்தாமலே ஏரியின் கொள்ளளவு நாலில் ஒரு பங்கு கூடியது. வெள்ளம் அளவுக்கு மேல் ஏறினால் மதகு தானே திறக்கும். நடுராத்திரியில் ஆளை எழுப்ப வேண்டியதில்லை. இந்த அமைப்புக்குப் பேடன்ட் உரிமை அவர் பெயரில் இருந்தது. ஆனால் சர்க்கார் சம்பளத்தில் இருந்துகொண்டு சர்க்கார் வேலைக்குச் செய்ததற்கு ராயல்டி வாங்குவது சரியல்ல என்று மறுத்துவிட்டார்.

நாற்காலி கிடைக்காது என்று தெரிந்தபோது

இவ்வளவு செய்தவருக்குச் சுவர் ஒன்று எதிரே நின்றது. பல மூத்தவர்களைத் தாண்டி அவரை உயர்த்தியிருந்தார்கள். அதனால் இலாகாவில் முணுமுணுப்பும் இருந்தது. இருந்தாலும் பம்பாய் மாகாணச் சீஃப் இன்ஜினீயர் நாற்காலி ஓர் இந்தியருக்கு அந்தக் காலத்தில் கிடைக்காது. இதை அவர் புரிந்துகொண்டார். பென்ஷனுக்குரிய காலம் முழுதாக முடியவில்லை. 1908-ல் வேலையை விட்டு விலகினார். அரசாங்கம் அவருடைய சேவையை மதித்துப் பென்ஷன் கொடுத்தது.

இது எல்லாருக்கும் ஏற்ற வழி என்று சொல்ல முடியாது. நாலு பிள்ளைகளும் வாடகை வீடும் உள்ளவர் பிரமோஷன் வரவில்லை என்று வேலையை உதற முடியுமா? விஸ்வேஸ்வரய்யாவுக்கு அந்தச் சுமைகள் குறைவு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கசப்போடு உட்கார்ந்து கீழே இருப்பவர்கள் மேல் எரிந்து விழவில்லை. பதவி தராத அதே இலாகாவுக்குக் கடைசி நாள் வரை உழைத்தார். 1906-ல் ஏடன் துறைமுகத்துக்கே போய்க் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் திட்டம் வகுத்துக் கொடுத்தார்.

விலகியபின் ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றிக் கொண்டிருந்தபோது ஐதராபாத்திலிருந்து அழைப்பு வந்தது. 1908 செப்டம்பர் 28-ந் தேதி மூசி ஆறு பெருக்கெடுத்து நகரத்தையே அடித்துப் போயிருந்தது. மேலே இருந்த ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்ததில் ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள். 1909-ல் அங்கே போய், ஊருக்கு மேலே இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் கட்ட வேண்டும் என்று திட்டம் தந்தார். 1920-ல் உஸ்மான் சாகரும் 1927-ல் ஹிமாயத் சாகரும் கட்டி முடிந்தன. கட்டியவர்கள் வேறு இன்ஜினீயர்கள். வழி காட்டியது அவர்.

கண்ணம்பாடி அணை

1909 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்தின் சீஃப் இன்ஜினீயர் ஆனார். அழைப்பு வந்ததும் ஓடிப் போய் ஒப்புக்கொள்ளவில்லை. வெறும் பதவியா, அல்லது தொழில் வளர்ச்சிக்கும் தொழிற்கல்விக்கும் வாய்ப்பு உண்டா என்று கேட்டு, உறுதி பெற்றுக்கொண்டுதான் வந்தார்.

அப்போது மைசூருக்குப் பெரிய வருமானம் கோலார் தங்கவயல். அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து போன நம் தமிழர்கள். சுரங்கத்துக்கு 1902 முதல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் போய்க் கொண்டிருந்தது. பாலக்காட்டுத் தமிழரான திவான் சேஷாத்ரி ஐயர் தொடங்கிய வேலை அது. ஆனால் கோடையில் காவிரி வற்றினால் மின்சாரமும் வற்றும். மேலே ஓர் அணை கட்டினால் மின்சாரமும் சீராக வரும், மண்டியா பக்கத்துக் காய்ந்த நிலத்துக்கும் பாசனம் கிடைக்கும். மைசூருக்கு அருகே கண்ணம்பாடியில் அணைக்குத் திட்டம் போட்டார்.

முதலில் அது தேறவில்லை. சமஸ்தானத்தின் பெட்டியில் அவ்வளவு பணம் இல்லை என்று நிதி அதிகாரிகள் தயங்கினார்கள். கீழே மேட்டூரில் அணை கட்ட நினைத்திருந்த சென்னை அரசாங்கம் ஆட்சேபித்தது. கோப்பு நகரவில்லை. விஸ்வேஸ்வரய்யா சத்தம் போடவில்லை. புதிய யோசனைகள் எதையும் மேலே அனுப்புவதை நிறுத்திவிட்டார். சுறுசுறுப்பே உருவான மனிதர் ஏன் இப்படி அடங்கிவிட்டார் என்று மகாராஜா கிருஷ்ணராஜ உடையார் கவனித்தார். அழைத்து விசாரித்தார். வேலை செய்ய வந்த இடத்தில் வேலைக்கு வழியில்லை என்றால் இருந்து என்ன பயன் என்பதை அவர் தெரிவித்தார். 1911-ல் அனுமதி கிடைத்தது.

தன் மதிப்பைத் தெரிந்தவர் நடந்துகொள்ளும் விதம் இது. ஆனால் பாஞ்சரா ஆற்றங்கரையில் கண்டனக் கடிதம் வாங்கிய இளைஞர் இப்படி மௌனமாக இருந்திருந்தால் வேலை போயிருக்கும். இடையில் இருபத்தேழு வருட வேலை இருக்கிறது. நேற்றுச் சார்ஜ்மேன் ஆனவர் இன்றைக்கே இந்தப் பாகத்தைப் பின்பற்ற வேண்டாம்!

கோலாருக்குக் கூடுதல் மின்சாரம் குறித்த நாளில் தந்தாக வேண்டும் என்று ஒப்பந்தம். அதற்குள் அணை குறிப்பிட்ட உயரம் வந்தாக வேண்டும். வேலையில் பத்தாயிரம் பேர் வரை இருந்தார்கள். சிமென்ட் எளிதாகக் கிடைக்காத காலம். சுண்ணாம்போடு சுட்ட செங்கல் தூளைச் சேர்த்த சாந்துதான். மலேரியாக் காய்ச்சல் ஆட்களைச் சாய்த்தது. டாக்டர்களை வரவழைத்து அணைக்கு அருகிலேயே வைத்தியம் நடத்தினார்கள். இரவிலும் பெரிய விளக்குகளை ஏற்றி வேலை நடந்தது. வெள்ளம் வந்து சோதித்தது. உயிர்களும் போயின. இவ்வாரம் எந்தப் பகுதி எவ்வளவு உயர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, எழுதியதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிட்டுப் பார்த்து நடத்தினார். யார் பின்தங்கினார் என்பது தாளில் தெரிந்தது. அதற்காகக் கூச்சல் போட வேண்டியிருக்கவில்லை.

அணை முழுதாக முடிந்தது 1930-களின் தொடக்கத்தில். அதற்குள் அவர் பதவியை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. கடக்வாஸ்லாவில் அவர் அமைத்த தானியங்கி மதகு இங்கும் வந்தது. ஜூலை, ஆகஸ்டு வந்தால் நாம் தினமும் பத்திரிகையில் பார்க்கும் 124.80 அடி, இந்த அணையின் முழு உயரம்தான். 1924-ல் சென்னைக்கும் மைசூருக்கும் ஒப்பந்தம் ஆகி, 1934-ல் மேட்டூர் அணையும் எழுந்தது. காவிரித் தகராறு பெரிய கதை; இங்கே அது வேண்டாம்.

திவான் பதவியும் ராஜினாமாவும்

1912-ல் மகாராஜா அவரைத் திவான் ஆக்கினார். ஏற்பதற்கு முன்னால் உறவினர்களை விருந்துக்குக் கூப்பிட்டு, எனக்கு வேண்டும், என் மகனுக்கு வேண்டும் என்று சிபாரிசுக்கு யாரும் வரக்கூடாது, அதற்குச் சம்மதித்தால்தான் பதவியை ஏற்பேன் என்று சொல்லிவிட்டார் என்பார்கள். ஊர்க்காரன், ஒன்றுவிட்ட மச்சான் என்று யாராவது ஒருவர் வந்து நிற்காத செக்ஷன் ஆபீசரே கிடையாது. முதல் நாளே சொல்லிவிடுவது எவ்வளவு தொல்லையை மிச்சப்படுத்தும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஆறு வருடத்தில் மைசூர் பாங்கு, மைசூர் பல்கலைக்கழகம், சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை, சோப்புத் தொழிற்சாலை, பெங்களூர் இன்ஜினீயரிங் கல்லூரி என்று அடுக்கடுக்காகத் தோன்றின. பள்ளிக்கூடங்கள் இரண்டு மடங்குக்கு மேல் ஆயின. ஆபீஸ்களில் ஃபைல் எத்தனை நாள் எந்த மேஜையில் தூங்குகிறது என்று பார்க்கவே ஒரு தணிக்கை ஏற்படுத்தினார். குமாஸ்தாக்கள் அவரை வாழ்த்தியிருப்பார்களா என்பது சந்தேகம்.

அவர் எல்லாவற்றிலும் சரியாகவே நடந்தார் என்று எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. சர்க்கார் உத்தியோகங்களில் பிராமணர்களே நிறைந்திருக்கிறார்கள், மற்றச் சமூகத்தாருக்கும் பங்கு வேண்டும் என்ற கோரிக்கை மைசூரில் வலுத்தது. சென்னையில் ஜஸ்டிஸ் கட்சி கிளம்பிய அதே காலம். மகாராஜா 1918-ல் நீதிபதி மில்லர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தார். தகுதி ஒன்றையே பார்க்க வேண்டும் என்றிருந்த விஸ்வேஸ்வரய்யாவுக்கு அது ஏற்கவில்லை. ராஜினாமா செய்தார். படிக்கவே வழியில்லாதவர்களுக்குத் தகுதி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த பதில், முதலில் பள்ளிக்கூடம் திறப்போம் என்பது. காத்திருந்து சலித்தவர்களுக்கு அது போதவில்லை. மகாராஜாவின் பக்கமே நியாயம் இருந்தது என்பது இன்று பலர் ஒப்புக்கொள்ளும் விஷயம். ஆனால் கருத்து ஒவ்வாதபோது பதவியில் ஒட்டிக்கொண்டு உள்ளே இருந்தே காரியத்தைக் கெடுக்கும் வேலையை அவர் செய்யவில்லை.

பத்ராவதியில் சம்பளம் வாங்காத சேர்மன்

அவர் தொடங்கி வைத்த பத்ராவதி இரும்புத் தொழிற்சாலை 1923-ல் உற்பத்தியைத் தொடங்கியது. காட்டு விறகைக் கரியாக்கி இரும்பை உருக்கும் ஆலை. யுத்தம் முடிந்து இரும்பு விலை சரிந்த சமயம். நஷ்டம் ஓடியது, மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. மகாராஜா பழைய திவானையே கூப்பிட்டார். அறுபது வயதைத் தாண்டியவர் சேர்மனாக வந்து சேர்ந்தார்.

அதிகச் சம்பளம் வாங்கிய வெளிநாட்டு நிபுணர்களைப் படிப்படியாகக் குறைத்து, அந்த இடங்களில் உள்ளூர் இளைஞர்களைப் பழக்கி அமர்த்தினார். உலைக்குப் பொறுப்பாக ஒரு கன்னடப் பையனையோ தமிழ்ப் பையனையோ நிறுத்தினால் ஆலை வெடித்துவிடும் என்று நினைத்த காலம் அது. ஆலை வெடிக்கவில்லை. சில வருடங்களில் லாபம் காட்டத் தொடங்கியது. பிற்காலத்தில் ஆலைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. பத்ராவதியில் பிழைக்கப் போய்த் தலைமுறைகளாக நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குச் சோறு போட்டது இந்த ஆலை.

ஆலை நிமிர்ந்து நிற்கும் வரை சம்பளம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நிமிர்ந்த பிறகு பாக்கிச் சம்பளத்தைக் கணக்குப் போட்டுக் கொடுக்க முன்வந்தார்கள். அந்தப் பணத்தில் இளைஞர்களுக்குத் தொழில் கற்பிக்கும் பள்ளி ஒன்று தொடங்கச் சொல்லிவிட்டார். பெங்களூரில் 1943-ல் தோன்றிய ஜெயசாமராஜேந்திர தொழிற்கல்வி நிலையம் அப்படி வந்தது. டர்னர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்று எத்தனையோ பேர் அங்கே படித்துவிட்டு ஆலைகளில் சேர்ந்தார்கள்.

1955-ல் பாரத ரத்னா விருது வந்தது. விருது கொடுத்ததற்காகத் தங்கள் அரசாங்கத்தைப் புகழ்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்ற கருத்தில் பிரதமர் நேருவுக்கு எழுதிய பிறகுதான் அதைப் பெற்றுக்கொண்டார். நேருவும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

பீகாரில் மொகாமா அருகே கங்கைக்குக் குறுக்கே ரயிலும் பஸ்ஸும் போகும் பாலம் எங்கே கட்டுவது என்று முடிவாகாமல் இருந்தபோது, இடம் பார்த்துச் சொல்ல அவரைத்தான் கேட்டார்கள். அப்போது வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. வயதைக் காட்டி மறுக்கவில்லை. ஆற்றையும் கரையையும் பார்த்துக் குறிப்பெடுத்துக் கொண்டு கருத்துச் சொன்னார். பாலம் 1959-ல் திறக்கப்பட்டது. 1962 ஏப்ரலில், நூறு வயதைக் கடந்த பிறகு, பெங்களூரில் காலமானார். இறுதிச் சடங்கு முத்தேனஹள்ளியில் நடந்தது. அந்த ஊரில் அவர் வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.